இழக்க மனம் வராத ஒன்று



குற்றம் செய்தவன் திருந்துவானா என்ற கேள்விக்கு நம்மில் ஒவ்வொருவரும் ஒரு விடையைத் தயாராக வைத்திருக்கிறோம். தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார் ஒரு சாரார். அன்பு காட்டினால் கல்லும் கரையும் என்பார் மற்றொரு சாரார். இரு சாராரும் தத்தம் சுபாவத்தைக் கொண்டு தீர்ப்புக் கூறுகிறார்களேயன்றி, குற்றவாளிகளின் வாழ்க்கையைப் பல்லாண்டுகள் பொறுமையோடு தொடர்ந்து கவனித்தவர்கள் கண்டறிந்தது யாது என்று கேட்பதில்லை. அதை உங்கள் முன் வைக்கவே இம்மேடையில் நிற்கிறேன்.

1974-இல் அமெரிக்க சமூகவியலார் ராபர்ட் மார்ட்டின்சன், சீர்திருத்த முயற்சிகளைப் பற்றிய 231 ஆய்வுகளைப் பரிசீலித்து, ஓரிரு விதிவிலக்குகள் நீங்கலாக அவற்றால் குறிப்பிடத்தக்க பலன் எதுவும் விளையவில்லை என்று எழுதினார். கடுமையான தண்டனையை விரும்பியோர் அம்முடிவை உற்சாகத்துடன் ஏந்திச் சென்றனர். ஆனால் 1979-இல் அவரே, சில முறைகள் பலன் தருகின்றன என்று தம் கருத்தைத் திருத்திக்கொண்டபோது, அதற்குச் செவிசாய்த்தோர் மிகச் சிலரே.

கனடாவின் மனோதத்துவ அறிஞர்களான டொனால்டு ஆண்ட்ரூஸ், ஜேம்ஸ் போன்டா முதலியோர் கேள்வியையே மாற்றி அமைத்தார்கள். எல்லா நோய்க்கும் ஒரே கஷாயத்தைக் கொடுத்துவிட்டு வைத்தியமே பொய் என்று சொல்லலாகாது என்பதை உணர்ந்த அவர்கள், மீண்டும் குற்றம் செய்யும் அபாயம் மிகுந்தவனிடமே அதிக முயற்சியைச் செலவிட வேண்டும் என்றும், குற்றத்துக்கு நேர்க்காரணமான எண்ணப்போக்கு, கூடாநட்பு, போதைப்பழக்கம், வேலையின்மை ஆகியவற்றையே மாற்ற முனைய வேண்டும் என்றும், கற்பிக்கும் முறை கற்பவனின் ஆற்றலுக்கு இசைந்திருக்க வேண்டும் என்றும் வகுத்தார்கள். இவற்றைத் தழுவிய முயற்சிகள் மீள்குற்றத்தைக் குறைப்பதையும், வெறும் தண்டனை அவ்வாறு குறைக்காததையும் பிற்கால ஆய்வுகள் காட்டின.

ஆயினும் என் உள்ளத்தை மிகுதியும் ஆட்கொண்டது பாஸ்டன் நகரத்து ஆராய்ச்சியே. ஹார்வர்டு சட்டக் கல்லூரியைச் சேர்ந்த ஷெல்டன் குளூக், எலினர் குளூக் தம்பதியர், சீர்திருத்தப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்ட 500 சிறுவர்களையும், வயதிலும் அறிவுத்திறனிலும் வசிக்கும் சூழலிலும் அவர்களை ஒத்து, ஆனால் குற்றத்தில் இறங்காத 500 சிறுவர்களையும் தேர்ந்து, 32 வயது வரை அவர்களைத் தொடர்ந்து விசாரித்தனர். நிலவறையில் பெட்டிபெட்டியாகக் கிடந்த அந்தக் குறிப்புகளை 1980-களில் ஜான் லாப் கண்டெடுத்தார். அவரும் ராபர்ட் சாம்ப்சனும் அவற்றை மீண்டும் ஆராய்ந்ததோடு நில்லாமல், சீர்திருத்தப் பள்ளியில் இருந்தவர்களின் ஆவணங்களை 70 வயது வரை தேடி, அவர்களுள் 52 பேரை முதுமைப் பருவத்தில் நேரிற்கண்டு உரையாடினர்.

அவர்கள் கண்டது என்ன? வயது ஏற ஏற, ஏறக்குறைய எல்லோரிடமும் குற்றம் தணிந்தது. ஆனால் யார் எப்பொழுது விடுபடுவார் என்பதை அவர்களுடைய சிறுவயது இயல்புகளைக் கொண்டு முன்கூட்டி அறிய இயலவில்லை. ஒரே வகையான இளமைத் துயரங்களிலிருந்து புறப்பட்டவர்கள் வெவ்வேறு கரைகளைச் சேர்ந்தனர். நிலையான தொழில், நல்ல இல்லறம், சிலருக்கு ராணுவ சேவை ஆகியவை பாதையைத் திருப்பின. இவை பழைய சகவாசத்தை அறுத்தன. அன்றாட வாழ்வுக்கு ஓர் ஒழுங்கைத் தந்தன. அக்கறையோடு கவனிப்பதற்கு ஒருவரைத் தந்தன. அவர்களுள் பலர் ஒரு நன்னாளில் சபதம் செய்து திருந்தியவர்கள் அல்லர். இழக்க மனம் வராத ஒன்று தமக்குக் கிடைத்துவிட்டதை உணருமுன்பே பழைய வழியை விட்டு வெகுதூரம் வந்துவிட்டவர்கள். வேலையும் வீடும் துணையும் இன்றி, குடியோடு அலைந்தவர்களோ நெடுங்காலம் அவ்வழியிலேயே உழன்றார்கள்.

குற்றத்தால் உற்றாரை இழந்தோரின் கண்ணீரை மறந்து நான் பேசவில்லை. அக்கண்ணீருக்கு நியாயம் வேண்டும், தண்டனையும் வேண்டும். ஆனால் தண்டனை முடிந்து வெளியே வருபவன் மீண்டும் ஒரு வீட்டில் துக்கத்தை விளைவிக்காதிருக்க வேண்டுமென்றால், அவனுக்கு ஜீவனமும் கௌரவமும் கிட்டியாக வேண்டும். இவை சிறைச்சாலையின் மதில்களுக்குள் கிடைப்பவை அல்ல; சமூகமாகிய நம் கையில் இருப்பவை. குற்றவாளியைச் சிறைக்கு அனுப்பாமல் கண்காணிப்பில் விட்டுத் திருத்தும் நன்னடத்தைச் சட்டத்தைச் சென்னை மாகாணம் 1936-லேயே இயற்றியது. 1958-இல் நாடாளுமன்றமும் அத்தகைய சட்டத்தை இயற்றியது. சட்டம் நன்னடத்தை அலுவலரை நியமிக்கலாம். ஆனால் வேலை கொடுக்கும் முதலாளியையும் வீடு கொடுக்கும் அயலாரையும் அது நியமிக்க முடியாது.

ஆதலால், தொழில் நடத்துவோரே, தண்டனை அனுபவித்து முடித்த ஒருவன் நாளை உங்கள் வாசலில் வேலை கேட்டு நின்றால், அவனுடைய பழங்கணக்கை மட்டும் புரட்டாமல், திறமையையும் பார்த்துப் பணி கொடுங்கள். அவன் உறவினராக இருப்போரே, அவனுக்கு எழுதும் கடிதத்தையும் பார்க்கச் செல்லும் பயணத்தையும் நிறுத்தாதிருங்கள். சட்டமன்றத்தில் நமக்காகப் பேசுவோரே, எந்த முறை பலன் தந்தது என்று சோதித்தறிந்த பின்னரே பொதுப்பணத்தைச் செலவிடுங்கள் என்று இந்த அவையை வேண்டி அமைகிறேன்.