கதைப் பெண்களும் நம் பெண்களும்

ஆங்கிலப் பெயர் தாங்கிய இந்தக் காக்ஸ் டவுனில், நம் இல்லங்களில் ஆங்கில நாட்டுப் பழங்காலக் கதைகளுக்குத் தனி மதிப்பு உண்டு. ஜேன் ஆஸ்டினின் நாவல்களை நம் பெண்மக்கள் விரும்பிப் படிக்கின்றனர். அவை படமாகவும் தொடராகவும் வரும்போது குடும்பத்தோடு அமர்ந்து பார்க்கின்றோம். குதிரை வண்டியும் நடன மண்டபமும் கண்ணுக்கு விருந்து. கேலி மிகுந்த உரையாடல் செவிக்கு விருந்து. இவ்வின்பத்தைக் குறை கூற வேண்டுவதில்லை.

ஆயினும், அக்கதைகளில் காதலுக்கு அடியில் ஓடுவது சொத்தின் கதை என்பதை நாம் நோக்க வேண்டும். 1813-இல் வெளியான 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில் தந்தைக்குப் பெண்மக்கள் ஐவர். ஆண்வாரிசு இல்லாமையால் வீடும் நிலமும் தூரத்து உறவினன் ஒருவனுக்குப் போய்ச் சேரும். அதனால்தான் அந்தத் தாய் மாப்பிள்ளை தேடித் தவிக்கிறாள். நாம் அவளைக் கண்டு நகைக்கிறோம். ஆனால் அவளுடைய அச்சம் நியாயமானது. 1811-இல் வந்த 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'யில், தந்தை இறந்தபின் வீடு மூத்த தாரத்து மகனைச் சேர்கிறது. தாயும் மூன்று பெண்களும் வெளியேறுகின்றனர்.

இக்கதையைத் தழுவியே 2000-இல் ராஜீவ் மேனன் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' படத்தை எடுத்தார். செட்டிநாட்டுப் பெரிய வீட்டை இழந்து தாயும் பெண்களும் சென்னைக்கு வருவது நமக்கு அயலாகத் தோன்றவில்லை. அது நம் வீட்டுக் கதையும் ஆதலால்!

சட்டம் இன்று மாறிவிட்டது. இந்துக் குடும்பத்துப் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை உண்டென்று தமிழ்நாடு 1989-இலும் கர்நாடகம் 1994-இலும் சட்டம் செய்தன. 2005-இல், மணமான மகளுக்கும் பங்குண்டு என்று நாடு முழுமைக்கும் சட்டம் வந்தது. ஆனால் நடப்பது என்ன? ஊரிலிருந்து அழைப்பு வருகிறது. பெண் போகிறாள். அண்ணன் நீட்டும் விடுதலைப் பத்திரத்தைப் படிக்காமலே கையெழுத்திட்டு, ஒரு புடவையோடு திரும்புகிறாள். "சீர்தான் செய்தாயிற்றே!" என்று சமாதானம் சொல்கிறோம். அறிந்து, மனமுவந்து விட்டுக்கொடுப்பது அவள் விருப்பம். அறியாதபடி எழுதி வாங்குவது அறமாகாது.

ஆகவே அன்பர்களே, இனி அத்தகைய படத்தைப் பார்க்கும்போது, அந்த வீடு யாருக்குப் போகிறது என்று நம் பெண்மக்களோடு பேசுவோம். பேசிவிட்டு, நம் வீட்டுப் பத்திரங்களையும் அவர்கள் கையில் படிக்கக் கொடுப்போம்.