கேட்டால்தான் காட்டுவார்களாம்!

(தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



கல்லூரிப் படிக்கட்டைப் பாதியிலே விட்டு இறங்கியவன் நான். கம்பெனிக் கணக்கைப் பற்றி இவன் என்ன பேசப்போகிறான் என்று சிலர் எண்ணக்கூடும். பட்டம் பெறாதவன்தான், ஆனால் பங்கு பிரிக்கும் கணக்குத் தெரியாதவனல்ல. நாடகக் குழுவிலே பழகியவன். திரை விழுந்ததும், முகத்து அரிதாரம் கலையுமுன், மேடைக்குப் பின்னால் பாய் விரித்து வசூலை எண்ணுவோம். கதாநாயகனுக்கு இவ்வளவு, திரை இழுக்கும் தோழனுக்கு இவ்வளவு என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லப்படும். கூடுதல் குறைவு உண்டு. குறைபட்டுக் கொள்வோரும் உண்டு. மறைவு மட்டும் கிடையாது.

அந்தப் பாயிலே உட்கார்ந்தவன் கேட்கிறேன்: ஆயிரக்கணக்கானோர் உழைத்து, பல்லாயிரவர் பணம் போட்டு நடக்கும் கம்பெனியிலே, தலைமை நாற்காலியில் அமர்ந்திருப்பவர் எவ்வளவு எடுத்துச் செல்கிறார் என்பது ஊரறிய வேண்டாமா?

“எங்கள் கம்பெனி, எங்கள் பணம், உனக்கென்ன வழக்கு?” என்று கேட்கும் கனவான்கள் உண்டு. கம்பெனி வானத்திலிருந்து குதித்ததல்ல, ஐயா. சட்டம் பெற்றெடுத்த பிள்ளை! அது நொடித்துப்போனால், கடன் கொடுத்தவன் பங்குதாரரின் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. போட்ட பங்குப் பணத்தோடு அவர் பொறுப்புத் தீர்ந்தது. இந்தச் சலுகையைத் தந்தது நாடு. சலுகை தந்த நாடு கணக்குக் கேட்பது குற்றமா?

பணமாவது முழுவதும் அவர்களுடையதா? ஆயுள் காப்பீட்டுக் கழகம் பெரிய கம்பெனிகளின் பங்குகளை வாங்கி வைத்திருக்கிறது. அது பாலிசிதாரர் கட்டிய பிரீமியப் பணம். தொழிலாளர் சேமநிதியிலும் ஒரு பகுதி 2015 முதல் பங்குச் சந்தைக்குப் போகிறது. ஆலையிலே வியர்வை சிந்துபவன், தான் அறியாமலே, ஆலைகளின் உடைமையிலும் ஒரு துளி வைத்திருக்கிறான்!

முன்பு மானேஜிங் ஏஜென்சி என்றொரு முறை இருந்தது. பங்குதாரர் பணம் போடுவார். நிர்வாகம் இன்னொரு நிறுவனத்தின் கையில். அந்த நிறுவனத்துக்கோ கமிஷன். 1956-ம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் கடிவாளம் போட்டது. நிர்வாகிகளுக்குத் தரும் மொத்த ஊதியம் நிகர இலாபத்தில் 100-க்கு 11-ஐத் தாண்டலாகாது என்றது. 1970 ஏப்ரல் 3-ம் நாள் ஏஜென்சி முறையே ஒழிந்தது. 2013-ம் ஆண்டுச் சட்டமும் பொதுக் கம்பெனிகளுக்கு அந்த 11 என்ற வரம்பை வைத்துக்கொண்டது. வரம்பைத் தாண்ட மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும் என்றிருந்ததை 2018 செப்டம்பரில் எடுத்துவிட்டார்கள். பங்குதாரர் பொதுக்கூட்டம் சம்மதித்தால், சட்டத்தின் அட்டவணை விதித்த நிபந்தனைகளுக்கு உட்பட்டு, தாண்டலாம். அந்தக் கூட்டத்திலோ, எண்ணிக்கை எடுத்தால், ஆளுக்கொரு வாக்கல்ல, பங்குக்கொரு வாக்கு!

வேலி தாழ்ந்த வீட்டுக்கு விளக்கு அவசியம். அந்த விளக்கைத்தான் அதே 2013-ம் ஆண்டுச் சட்டத்தின் 197-வது பிரிவு ஏற்றியது. பங்குச் சந்தையில் இடம்பெற்ற ஒவ்வொரு கம்பெனியும், ஒவ்வோர் இயக்குநரின் ஊதியமும் ஊழியரின் இடைநிலை ஊதியத்தைப் போல் எத்தனை மடங்கு என்பதை ஆண்டறிக்கையில் அச்சிட வேண்டும்.

இடைநிலை ஊதியம் என்றால் என்ன? ஊழியர்களை ஊதிய வரிசையிலே நிறுத்துங்கள். குறைந்த ஊதியம் பெறுபவர் ஒரு கோடியிலே, மிகுந்த ஊதியம் பெறுபவர் மறு கோடியிலே. சரி நடுவிலே நிற்பவரின் ஊதியம் அது. அது ஆண்டுக்கு 6 இலட்சம் என்றும், இயக்குநர் பெறுவது 12 கோடி என்றும் வைத்துக்கொள்வோம். 200 மடங்கு! நடுவிலே நிற்பவர் 200 ஆண்டு உழைத்தால், அது நாற்காலிக்காரரின் ஓராண்டு!

நல்ல விளக்குத்தான். ஆனால் விளக்கின் அடியிலே இருட்டு இருக்கிறது, தோழர்களே.

கூட்டிப் பெருக்குபவர், வாயிற்காவலர், மூட்டை சுமப்பவர் ஆகியோரை ஒப்பந்தக்காரர் மூலம் அழைத்து வருகிறார்கள். அவர்கள் கம்பெனியின் ஊழியர் பட்டியலில் இல்லை. ஆகவே அந்த வரிசையிலும் இல்லை. கடைக்கோடியில் நின்றவர்களை வெளியேற்றினால் நடு எங்கே போகும்? மேலே போகும்! ஒருவருக்கும் ஒரு காசு உயராமலே இடைநிலை உயர்கிறது; 200 மடங்கு 150 ஆகிறது. ஏழையை உயர்த்தி இடைவெளியைக் குறைக்கவில்லை. ஏழையை எண்ணாமல் விட்டுக் குறைத்தார்கள்!

இன்னொன்று கேளுங்கள். மிகுதியாக ஊதியம் பெறும் 10 ஊழியரின் பட்டியலையும் கம்பெனி ஆயத்தம் செய்ய வேண்டும் என்பது விதி. அவர்களில் எவரேனும் இயக்குநரின் உறவினரா என்பதையும் அதிலே சொல்ல வேண்டும். ஆனால் பல ஆண்டறிக்கைகளில் அந்தப் பட்டியல் இராது. ஒரு வரிதான் இருக்கும். வேண்டும் பங்குதாரர் கம்பெனிச் செயலருக்கு எழுதிப் பெறலாம் என்று! கேட்டால்தான் காட்டுவார்களாம்! மகனா, மருமகனா என்று அறிய மனுப் போட வேண்டுமாம்!

“ஊதியத்தை வெளியிட்டதால்தான் ஊதியம் ஏறுகிறது, அடுத்த கம்பெனிக்காரரைப் பார்த்து இவரும் கேட்கிறார்” என்று வாதிடுவோர் உண்டு. அதிலே உண்மை இல்லாமலில்லை. நாற்காலிக்கு அருகே நாற்காலியை வைத்து அளந்தால், ஒன்றையொன்று மிஞ்சவே பார்க்கும். அதற்கு மருந்து மறைப்பதல்ல. நாற்காலியைத் தரையோடு வைத்து அளப்பது. விகிதம் அதற்காகத்தான். பிரிட்டனிலே 2019 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, சந்தையில் இடம்பெற்ற பெரிய கம்பெனிகள், நடுவில் நிற்பவரோடு மட்டுமல்ல, கீழிருந்து கால் பங்கிலும் முக்கால் பங்கிலும் நிற்பவர்களோடும் தலைமை நிர்வாகியின் ஊதியத்தை ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். அங்கே முடிந்தது இங்கே முடியாதா?

நாம் கேட்பவை மூன்று. ஒப்பந்தத் தொழிலாளரையும் வரிசையிலே நிறுத்து. பத்துப் பேர் பட்டியலை அறிக்கையிலேயே அச்சிடு. பங்குச் சந்தைக்கு வராத பெரிய கம்பெனிகளையும் இந்த விதிக்குள் கொண்டு வா.

சட்டம் திருந்தும் வரை சும்மா இருப்பதா? சந்தையில் இடம்பெற்ற கம்பெனிகளின் ஆண்டறிக்கை எவரும் படிக்கக் கிடைப்பது. நம் படிப்பகங்களிலே வாரம் ஒன்றை எடுத்து வையுங்கள். இயக்குநரவை அறிக்கையைப் புரட்டுங்கள். விகிதம் எத்தனை, நிரந்தர ஊழியர் எத்தனை பேர், இயக்குநருக்கு 100-க்கு எத்தனை உயர்ந்தது, நடுவில் நிற்பவருக்கு எத்தனை உயர்ந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஊதியப் பேச்சுவார்த்தையிலே, “நெருக்கடி, இலாபமில்லை” என்று நிர்வாகம் கைவிரிக்கும்போது, அவர்கள் அச்சடித்த தாளையே அவர்கள் முன் விரித்து வையுங்கள்.

எவர் பையிலிருந்தும் பறிக்கச் சொல்லவில்லை. பாயை விரி, எல்லோர் முன்னிலையிலும் எண்ணு என்கிறோம். எங்கள் சிறு நாடகக் குழுவால் ஒவ்வோர் இரவும் செய்ய முடிந்ததைக் கோடி கோடியாக வரவு வைக்கும் கம்பெனிகள் ஆண்டுக்கு ஒருமுறை செய்யட்டும்!