நீர்மத்தின் விளிம்பு



இக்கருத்தரங்கின் தொடக்கத்தில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கணினி வரைகலையில் நீரின் பரப்பு என்பது கணக்கெல்லாம் முடிந்தபின் போர்த்திவிடும் போர்வை அன்று. நீர் எங்கே முடிகிறது என்பதைத் தவறாகக் கணித்தால், அழுத்தத்தையும் பரப்பு இழுவிசையையும் தவறான இடத்தில்தான் கணிப்போம்.

1965இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஹார்லோவும் வெல்ச்சும் கணிப்பு வெளியைக் கட்டங்களாகப் பிரித்து, நீருக்குள் குறித்துகள்களை மிதக்கவிட்டார்கள். துகள் உள்ள கட்டத்தில் நீர் உண்டு. இல்லாத கட்டம் வெறுமை. பொறியியலுக்கு அது பெரிய திறப்பு. ஆனால், ஒளி பட்டு மின்னும் வழவழப்பான பரப்பை அதிலிருந்து எடுப்பது கடினம்.

1988இல் ஓஷரும் சேத்தியனும் தந்த லெவல் செட் முறை வேறு வழியில் போயிற்று. பரப்பிலிருந்து எவ்வளவு தொலைவு என்ற எண்ணை ஒவ்வொரு புள்ளியிலும் வைத்துக்கொள்கிறோம். நீருக்குள் குறை எண், வெளியே மிகை எண், சுழியாகும் இடமே பரப்பு. இரண்டு துளிகள் சேர்ந்தாலும் ஒன்று இரண்டாகப் பிரிந்தாலும் தனியே எதுவும் செய்ய வேண்டியதில்லை. இந்த அழகுக்கு விலையும் உண்டு. கட்டத்தின் அளவைவிட மெலிந்த நீர்த்தகடு சத்தமில்லாமல் அழிந்துவிடும். தெறித்த நீர் தரையில் விழுவதற்குள் குறைந்துபோகும். 2002இல் என்ரைட், மார்ஷ்னர், ஃபெட்கிவ் மூவரும் பரப்பின் இருபுறமும் துகள்களை விட்டு, வழிதவறிய துகள்களைக் கொண்டு பரப்பைத் திருத்தினார்கள். கண்ணாடிக் குவளையில் நீர் ஊற்றும் அவர்களது காட்சியை இன்றும் மாணவர்களுக்குக் காட்டுகிறேன்.

முக்கோண வலையையே பரப்பாக நகர்த்துவோரும் உண்டு. மெல்லிய தகடுகளை அது காப்பாற்றும். சேர்வதும் பிரிவதும்தான் அதற்குத் தலைவலி. 2009இல் வோய்தானும் உடன் ஆய்ந்தோரும் சிக்கலான இடத்தை மட்டும் வெட்டி ஒட்டும் வழி காட்டினார்கள்.

என் மனத்தை மிகவும் ஈர்ப்பது இதற்கடுத்த சிக்கல். பரப்பு நுணுக்கமாகவும், நீரின் திசைவேகத்தைக் கணிக்கும் கட்டம் பருமனாகவும் இருந்தால் என்ன ஆகும்? கட்டத்தின் கண்ணுக்கே படாத சிறு மடிப்புகள் பரப்பில் தோன்றும். உண்மை நீரில் ஈர்ப்பும் இழுவிசையும் அவற்றை அலையாக்கிக் கரைத்துவிடும். இங்கே திசைவேகக் கணிப்புக்கு அவை தெரியாததால், உறைந்தபடி அப்படியே நிற்கும். மழுப்பினால் உண்மையான நுணுக்கமும் சேர்ந்து போய்விடும். 2013இல் போய்சன்-ஹான்சனும் வோய்தானும், இயற்பியல்படி இருக்கத்தக்க பரப்போடு இப்போதைய பரப்பை ஒப்பிட்டு, அந்தப் பிழையையே நிலையாற்றலாகக் கொண்டு திருத்து விசை ஒன்றைப் பெற்றார்கள். அழிக்க வேண்டிய பிழையையே இயக்கமாக்கிய அந்தச் சிந்தனை எனக்கு மிகப் பிடித்தது.

ஆகவே, இங்கே கட்டுரை படிப்போரிடம் ஒரு வேண்டுகோள். அழகான படத்துடன், தொடக்கம் முதல் முடிவு வரை நீரின் கன அளவு எப்படி மாறியது என்ற வரைபடத்தையும் காட்டுங்கள். பரப்பின் நுணுக்கம் எவ்வளவு, திசைவேகக் கட்டம் எவ்வளவு என்று இரண்டையும் தனித்தனியே சொல்லுங்கள். மெல்லிய தகடு எங்கே கிழிந்தது, அது இழுவிசையாலா, கட்டம் போதாமையாலா என்றும் விளக்குங்கள். கேள்வி நேரத்தில் நான் முதலில் கேட்கப்போவதும் அதைத்தான்.

முதல் அமர்வைத் தொடங்கலாம்.