மண்ணுக்கு மீண்டும் உயிர் கொடுப்போம்

(மீளக்குடியேறும் குடும்பங்களுக்கான கூட்டத்தில் ஆற்றிய உரை)



வீட்டுச் சாவி கைக்கு வந்ததும் நீங்கள் எங்களிடம் அதிகம் கேட்பது இதுதான்: "வாசலெல்லாம் வெறும் மஞ்சள் மண்ணாகக் கிடக்கிறதே, இதில் ஏதாவது விளையுமா?" விளையும். ஆனால் அதற்கு முன் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை ஊவாவில் யாரும் மறக்கவில்லை. ஆகவே, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பாதுகாப்பானது என்று சொல்லாத பழைய இடத்துக்குப் பயிர் வைக்கவும் போகாதீர்கள். 'பகலில் மட்டும் போய்க் கொத்திவிட்டு வரலாம்' என்று நினைக்க வேண்டாம். மீரியபெத்தையில் மலை சரிந்தது காலை வெளிச்சத்தில்தான்.

இனி உங்கள் வாசலுக்கு வருவோம். 7 பேர்ச் காணி என்றால் ஏறத்தாழ 177 சதுர மீற்றர். வீடு போக மிஞ்சும் இடம் கொஞ்சம்தான். நிலத்தை மட்டப்படுத்தும்போது மேல்மண் போய் அடிமண் மேலே வந்துவிட்டது. அதில் சத்தும் இல்லை, மண்புழுவும் இல்லை. கொழுந்து மலையில் இதற்கு என்ன செய்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். பழைய தேயிலையைப் பிடுங்கிய மலையில் உடனே கன்று வைப்பதில்லை. ஒன்றரை, இரண்டு வருடம் மானாப் புல்லோ குவாத்தமாலாப் புல்லோ வளர்த்து, வெட்டி வெட்டி அந்த மண்ணிலேயே போடுவார்கள். புல்தான் மண்ணைத் தேற்றுகிறது. அதையே நாம் சிறிய அளவில் செய்யப் போகிறோம்.

முதலில் தண்ணீர். எங்கள் பக்கம் ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை பெருமழை. சரிவில் மேலிருந்து கீழாகப் பாத்தி போட்டால் மண் ஓடிவிடும். பாத்தியைச் சரிவுக்குக் குறுக்காகவே போடுங்கள். பாத்தி ஓரத்தில் சீமைக்கிளுவைத் தடிகளை நெருக்கமாக நடுங்கள். குளிர் அதிகமான தோட்டங்களில் கலியாண முருங்கை நல்லது. வேர் மண்ணைப் பிடிக்கும், தழை பசளையாகும். மழைத்தண்ணீர் போகும் கானை எப்போதும் அடைபடாமல் வைத்திருங்கள். வீட்டுக்குப் பின்னால் உள்ள மண் திட்டை வெட்டி இடம் பெருக்க வேண்டாம்.

இரண்டாவது கூட்டெரு. குழி வெட்டாதீர்கள். சரிவில் குழி வெட்டினால் தண்ணீர் தேங்கி மண்ணுக்குள் இறங்கும். தரைக்கு மேல் ஒரு மீற்றர் நீளம், அகலம், உயரத்துக்குக் குவியல் போடுங்கள். காய்ந்த புல், சருகு ஒரு சாண். பச்சைத் தழை, மரக்கறிக் கழிவு ஒரு சாண். மேலே நான்கு விரல் உயரத்துக்கு மாட்டெரு அல்லது கோழியெரு. இப்படியே அடுக்கி, மழை நனைக்காமல் மூடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை புரட்டுங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் கை ஈரமாக வேண்டும், தண்ணீர் ஒழுகக் கூடாது. நாற்றம் வந்தால் ஈரம் அதிகம். காய்ந்த சருகு சேருங்கள். மூன்று மாதத்தில், குளிரான இடத்தில் இன்னும் சற்றுப் பிந்தி, மழை பெய்த காட்டு மண்போல மணக்கும். அப்போது எடுக்கலாம்.

மூன்றாவது புளிப்பு. தேயிலைக்குப் புளிப்பு மண் பிடிக்கும்; போஞ்சி, கோவா, பீற்றூட்டுக்குப் பிடிக்காது. கவ்வாத்து வெட்டிய மலையில் டொலமைட் போடுவது இதற்காகத்தான். எவ்வளவு போடுவது என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல், கமநல சேவை நிலையத்திலோ விவசாயப் போதனாசிரியரிடமோ மண்ணைக் காட்டிக் கேளுங்கள். டொலமைட்டையும் பச்சை எருவையும் ஒரே நாளில் போடாதீர்கள். எருவில் உள்ள சத்து காற்றில் போய்விடும்.

நான்காவது மூடாக்கு. ஜூன் முதல் செப்டம்பர் வரை கச்சான் காற்று மண்ணை உலர்த்தும். வெறும் மண் கண்ணில் படவே கூடாது. புல்லும் சருகும் மூடியிருக்கட்டும்.

ஒரே போகத்தில் பெரிய விளைச்சலை எதிர்பார்க்க வேண்டாம். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரென நிறுத்தப்பட்டபோது பட்ட பாட்டை நீங்கள் அறிவீர்கள். அந்த வருடம் முடியும் முன்பே தடை நீங்கியது. மண்ணைப் பழக்க நாள் வேண்டும் என்பதே அதன் பாடம். முதல் வருடம் இரண்டே பாத்தி போதும். வல்லாரை, வற்றாளை, கௌபி போன்றவற்றில் தொடங்குங்கள்.

கடைசியாக, மண்ணைப் பார்க்கும் கண்ணால் மலையையும் பாருங்கள். நிலத்தில் புதிய வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கி வரும் ஊற்று, இவற்றில் எதைக் கண்டாலும் மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் பிள்ளைகளோடு வெளியேறுங்கள். பிறகு கிராம உத்தியோகத்தருக்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஆம் இலக்கத்துக்கும் சொல்லுங்கள். பாத்தியை மறுபடி போடலாம்.

இனி வெளியே போய், முதல் குவியலைச் சேர்ந்து அடுக்குவோம்.