ஏடு தொடக்கிய பின்
(எமது மன்றத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பல்கலைக்கழக வாங்கிலிருந்து இன்னும் எழும்பாத, பிள்ளை வளர்த்தறியாத ஓர் இளைஞனைக் குழந்தைக் கல்வி பற்றிப் பேசுமாறு மன்றத்தார் பணித்தமை எமக்கே வியப்பைத் தந்தது. பிள்ளை பெற்று வளர்த்த தாய்மார் முன்னிலையில் இப்பொருளை எடுத்துரைப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பதை ஒக்கும். ஆயினும் இவ்விடயத்தில் யாம் ஒரு பிழை செய்தோம். பிழை செய்தவனிடமும் பிறர்க்குப் பயன்படத்தக்க செய்தி ஒன்று இருத்தல் கூடும் என்னும் துணிவினாலேயே இங்கு நிற்கின்றோம்.

விசயதசமியன்று ஏடு தொடக்கும் காட்சியை ஒருகால் மனக்கண் முன் கொண்டுவாருங்கள். குழந்தை பெரியவர் ஒருவரின் மடியில் இருக்கின்றது. தாம்பாளத்திலே பச்சையரிசி பரப்பியிருக்கின்றது. பெரியவரின் கை குழந்தையின் பிஞ்சு விரலைப் பிடித்து அகரம் எழுதுவிக்கின்றது. குழந்தை சிணுங்கினாற் கற்கண்டு கிடைக்கும். விரல் வழுவினால் ஒருவரும் வைவதில்லை. அரிசியைத் தடவிவிட்டு மீண்டும் எழுதுவிப்பர். மடியின் சூடு, கையின் துணை, பொறுமை, இனிப்பு ஆகிய நான்கும் அன்றைக்கு அக்குழந்தைக்கு உண்டு. மறுநாள் தொடக்கம் அந்நான்கும் எங்கே போகின்றன? இதுவே இன்று யாம் உங்கள் முன் வைக்கும் வினாவாகும்.

சென்ற ஆண்டு விடுமுறைக்கு ஊர் வந்திருந்தபோது, எமது தமக்கையார் தம் மகனை எம்மிடம் ஒப்புவித்தார். ஆறு வயதுப் பையன். முதலாந் தரத்திற் படிப்பவன். "தம்பி, இவனுக்குக் கொஞ்சம் சொல்லிக் குடு" என்றார். யாமும் பெரும் பண்டிதர் போலக் கதிரையில் அமர்ந்து, ஓர் எழுத்தை ஐம்பது முறை எழுதுமாறு பணித்தோம். இருபதாவது முறையில் எழுத்துச் சாய்ந்தது; முப்பதாவது முறையில் இடம் வலமாகத் திரும்பி நின்றது. அடிமட்டத்தால் அவன் விரல் மொளியில் ஒன்று வைத்தோம். பையன் அழவில்லை. மறுநாள் அவனுடைய கொப்பியைக் காணவில்லை. வீடெல்லாம் தேடி, ஈற்றில் அடுப்படியில் விறகுக்கு இடையிலிருந்து எடுத்தோம். அதனை எரிப்பதற்காகவே அவன் அங்கு வைத்திருந்தான் என்பதைப் பின்னரே அறிந்தோம்.

எமது ஆச்சி மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். அவர் எம்மைப் பார்த்து, "தம்பி, கண்டுக்குட்டியை ஆரும் ஏரிலை பூட்டுவினமே?" என்று ஒன்றுதான் கேட்டார். பல்கலைக்கழகத்திலே யாம் கேட்ட விரிவுரை எதுவும் அவ்வளவு சுருக்கமாக எம்மைத் திருத்தியதில்லை.

ஆச்சி கூறியது உடற்கூற்று உண்மையுமாகும். ஐந்தாறு வயதுக் குழந்தையின் மணிக்கட்டு எலும்புகள் இன்னும் முற்றாக உருப்பெற்றிருப்பதில்லை. அக்கை பென்சிலைப் பிடித்து நெடுநேரம் எழுதினால் நோவெடுக்கும். அவ்வயதில் எழுத்தைத் திருப்பி எழுதுதல் மிகப் பல குழந்தைகளிடம் காணப்படும் இயல்பு. அது சோம்பலுமன்று, மந்தமுமன்று. நாட்செல்ல அது பெரும்பாலும் தானே மாறும். இதனை அறிந்தன்றோ நமது அரசாங்கப் பாடத்திட்டமும் அமைக்கப்பட்டது? 1999 ஆம் ஆண்டில் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், முதலிரு தரங்களிலும் விளையாட்டுக்கும் செயற்பாட்டுக்கும் முதலிடம் அளித்து, இருந்து எழுதும் வேலையைக் குறைத்தே வைத்தது. பள்ளி குறைத்ததை வீடு இரட்டிப்பாக்குவது எவ்வகையில் நியாயம்?

அங்ஙனமாயின் வீட்டிலே என்ன செய்யலாம்? ஆச்சி செய்தவற்றையே கூறுகின்றோம். அவர் பையனைக் கொண்டு முருங்கையிலை உருவுவித்தார், கடலை உடைப்பித்தார், இடியப்ப மாவிலே ஓர் உருண்டை கொடுத்துப் பாம்பும் பூனையும் செய்யச் சொன்னார். விரல்கள் வலுப்பெற்றன. முற்றத்து மணலிலே ஈர்க்கினால் எழுத்து வரைந்து, அதன்மேற் புளியங்கொட்டை அடுக்கச் செய்தார். பிழைத்தாற் காலால் அழித்துவிடலாம். சிவப்பு மையால் அடையாளமிட ஒருவருமில்லை.

எண்ணும் அவ்வாறே. நமது எண்ணுப் பெயர்களிற் குழந்தை இடறும் இடங்கள் சில உள. பதினெட்டுக்குப் பின் 'பதினொன்பது' என்று குழந்தை சொல்லுமாயின், அது மூடத்தனமன்று; முன் கேட்ட ஒழுங்கைப் பின்பற்றும் அறிவேயாகும். எண்பத்தொன்பதுக்குப் பின் தொண்ணூறு என வருவதும் அவ்வாறான ஓர் இடறுகல்லே. பத்துப் பத்து ஈர்க்குகளாகக் கட்டி, ஒன்பது கட்டுகளைக் கையிற் கொடுத்தால், பெயர் எவ்வாறிருப்பினும் தொகை இன்னதெனக் கண் கண்டுகொள்ளும். கடைக்குப் போகும்போது சில்லறையைக் குழந்தையின் கையிற் கொடுத்து மிச்சம் எண்ணுவிப்பதும் கணக்குப் பாடமே.

இனி, யாம் மிக முக்கியமாகக் கருதும் ஒன்றைக் கூற விரும்புகின்றோம். நமது குழந்தைகள் வீட்டிலே ஒரு தமிழைப் பேசுகின்றனர்; புத்தகத்திலே வேறொரு தமிழைக் காண்கின்றனர். "அவை வந்தவை" என்று கேட்டு வளர்ந்த பிள்ளை, "அவர்கள் வந்தார்கள்" என்பதை முதன்முறையாக எழுத்துக் கூட்டும்போதே எதிர்கொள்கின்றது. பழத்தைப் பளம் என்று நம்மிற் பலர் உச்சரித்துவிட்டு, பிள்ளை அவ்வாறே எழுதியதும் சினக்கின்றோம். எழுத்தை அறிதல் ஒரு பாரம். காது கேட்டறியாத மொழியை அறிதல் மற்றொரு பாரம். இரண்டையும் ஒரே நாளிற் குழந்தையின் தலையில் ஏற்றுதல் தகுமோ? புத்தகத் தமிழ் முதலிற் காதின் வழியாகப் பழகுதல் வேண்டும். அதற்கு ஒரே வழி, குழந்தைக்கு நாம் உரக்க வாசித்துக் காட்டுதலும் கதை சொல்லுதலுமாம்.

இது புதுமையன்று. கோயில்களிலே கந்தபுராண படனம் நிகழும்போது ஒருவர் செய்யுளைப் படிக்க, மற்றொருவர் பயன் சொல்லுவர். எழுத்தறியாத தாய்மாரும் கேட்டிருந்து செந்தமிழைச் செவியால் அறிந்தனர். எமது ஆச்சி மூன்றாம் வகுப்போடு நின்றவராயினும், சூரபன்மன் கதையை அவர் சொல்லும்போது வாக்கியங்கள் புத்தகத்தில் உள்ளவை போல வந்து விழும். யாம் கற்றதோ மிஷன் பாடசாலை. அங்கும் காலை வணக்கத்தின்போது ஒருவர் வாசிக்க யாவரும் அமைதியாகக் கேட்டிருந்தோம். எமது உரைநடைக்கு ஏதேனும் வலு உண்டாயின், அதிற் பாதி அவ்வாறு கேட்டதனால் வந்தது என்பதை நன்றியோடு கூறுகின்றோம். மிஷன் பாடசாலையிற் கற்றவரும், பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்கு உதவியவருமான ஆறுமுக நாவலர், 1848 இல் வண்ணார்பண்ணையில் பாடசாலை தொடங்கிய பின், சிறுவர்க்கெனப் பாலபாடங்களை எளிய உரைநடையிற் படிமுறையாக எழுதினார். எளியதிலிருந்து அரியதற்கு ஏறுதல் என்னும் நெறி நம்மவர்க்குப் பிறர் சொல்லித் தெரிய வேண்டியதன்று.

நிற்க. இவற்றையெல்லாம் கேட்டு, "தம்பி, ஐந்தாந் தரத்திற் புலமைப்பரிசில் இருக்கின்றதே, விளையாடிக்கொண்டிருந்தால் ஆமோ?" என்று ஒரு தாயார் வினவக்கூடும். அவ்வச்சத்தை யாம் எள்ளவில்லை. அப்பரீட்சை 1940களில் இலவசக் கல்வித் திட்டத்தோடு வந்தது. ஏழைப் பிள்ளைக்கு நல்ல பாடசாலையின் கதவைத் திறந்துவிடுவதே அதன் நோக்கம். ஏழைக்கெனத் திறந்த கதவுக்கு ரியூசன் காசு திறவுகோலாகியமை நம் காலத்தின் துயரம். தோட்டத்துக்கும் கடலுக்கும் போய்வரும் தந்தை கடன்பட்டு அக்காசைக் கட்டுவதைக் காண்கின்றோம். ஐந்தாந் தரத்துப் பயத்தை முதலாந் தரத்துக்கு இறக்கி வைத்தால், ஓடப் பழகுமுன் பிள்ளை நொண்டியாகும். வாசிப்பில் விருப்புள்ள பிள்ளை வினாத்தாளையும் வாசிக்கும். கொப்பியை விறகுக்குள் ஒளிக்கும் பிள்ளைக்கு எந்த வகுப்பினாற் பயன்?

ஆகவே பெற்றோரிடம் யாம் வேண்டுவன சிலவே. நாள்தோறும் ஒரே நேரத்திற் கால் மணி நேரம் குழந்தையோடு இருங்கள். அந்நேரம் கைத்தொலைபேசி வேறோர் அறையில் இருக்கட்டும். "இன்றைக்கு எத்தனை மார்க்ஸ்?" என்று கேட்குமுன், "இன்றைக்கு என்ன விளையாடினாய்?" என்று கேளுங்கள். ஆறு வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேர உறக்கம் வேண்டும் என மருத்துவர் கூறுவர். அதனைக் குறைத்துப் படிப்பிக்க வேண்டாம். கரும்பலகையைப் பார்த்து எழுதப் பின்தங்கும் பிள்ளையையும், கூப்பிட்டாற் திரும்பாத பிள்ளையையும் கடிந்துகொள்ளுமுன் கண்ணையும் காதையும் மருத்துவரிடம் காட்டுங்கள். தாய் படித்தவரல்லர் என்பது ஒரு குறையாகாது. பிள்ளை எழுத்துக் கூட்டி வாசிக்க, அருகிருந்து கேட்பவர் ஒருவர் இருந்தாற் போதும்.

இளைஞர்களாகிய நமக்கும் கடமை உண்டு. நமது மன்றத்து வாசிகசாலை சனிக்கிழமை காலையிற் பூட்டியே கிடக்கின்றது. அதனை ஒரு மணி நேரம் திறப்போம். நம்மில் இருவர் சிறுவர்க்கு உரக்க வாசிப்போம்; ஊர்ப் பெரியவர் ஒருவர் கதை சொல்லட்டும். பரீட்சையும் வேண்டாம், பரிசும் வேண்டாம். இதற்குப் பணம் வேண்டியதில்லை. பாய் இரண்டும் திறப்பு ஒன்றும் போதும்.

முடிக்குமுன் அப்பையனைப் பற்றி ஒரு வார்த்தை. விடுமுறை முடிய இரண்டு நாள் இருக்கையில் அவன் தானே கொப்பியோடு வந்து, தூர நின்று, "மாமா, பிழைச்சா அடிக்க மாட்டியளோ?" என்று கேட்டான். "இல்லையடா. பிழைச்சா அழிச்சுப்போட்டு இன்னொருக்கா எழுதுவம்" என்றோம். வந்து அருகில் அமர்ந்தான். ஆனால் அடிபட்ட கையைத் தன் முதுகுக்குப் பின்னாலேயே சிறிது நேரம் வைத்திருந்தான். அந்தக் கை முன்னால் வர எடுத்த நேரத்தை யாம் இன்றும் மறக்கவில்லை. இங்குள்ள எவரும் அதுபோன்ற ஒன்றைக் காண நேராதிருக்க வேண்டும் என்பதற்காகவே இவ்வளவும் கூறினோம்.