பிளிமத் நத்தைகளும் கப்பல் வண்ணப்பூச்சும்

கடல்நீரில் கலந்துள்ள நச்சை அறிய நீரை மொண்டு ஆய்வகத்திற்கு அனுப்பினால் போதும் என்று தோன்றலாம். ஆனால் ஓதமும் நீரோட்டமும் ஓயாமல் மாற்றிக்கொண்டிருக்கும் கடலில் ஒரு குப்பி நீர், அது மொள்ளப்பட்ட வேளையின் நிலையை மட்டுமே சொல்லும் என்பதால், ஓரிடத்திலேயே ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து அந்நீரின் விளைவை உடலில் தாங்கும் உயிரினங்களை ஆய்வாளர் நாடுகின்றனர். இவை சுட்டுயிரிகள் எனப்படும்.

இவற்றுள் புகழ்பெற்றது, பிரிட்டனின் பாறைக் கரைகளில் கொட்டலசுகளையும் சிப்பிகளையும் தின்று வாழும் டாக்வெல்க் என்னும் சிறு கடல் நத்தை. 1970ஆம் ஆண்டில் ஸ்டீபன் பிளேபர் என்னும் ஆய்வாளர், பிளிமத் கடற்பகுதியில் இந்த இனத்தின் பெண் நத்தைகளுக்கு ஆண்குறி போன்ற உறுப்பு வளர்ந்திருப்பதைப் பதிவு செய்தார். அடுத்த ஆண்டே அமெரிக்கக் கரையின் வேறொரு நத்தை இனத்தில் இதே நிலை விவரிக்கப்பட்டு, பெண்ணுடலின் மீது ஆணுறுப்புகள் சுமத்தப்படும் இந்நிலைக்கு 'இம்போசெக்ஸ்' என்ற பெயரும் வந்தது. காரணம் விளங்குவதற்குத்தான் காலம் பிடித்தது: பிளிமத்திலுள்ள கடல் உயிரியல் சங்கத்தைச் சேர்ந்த பிரையன், கிப்ஸ் முதலியோர் 1980களில் நடத்திய ஆய்வுகள், டிரைபியூட்டைல்டின் என்ற வெள்ளீயச் சேர்மமே குற்றவாளி என்று காட்டின.

கப்பலின் அடிப்பாகத்தில் கொட்டலசும் பாசியும் ஒட்டிக்கொண்டால் வேகம் குறைந்து எரிபொருள் செலவு கூடும். அதைத் தடுக்கும் வண்ணப்பூச்சில் கலக்கப்பட்ட இந்த நஞ்சு, கப்பல்கள் நிற்கும் துறைகளிலெல்லாம் சிறிது சிறிதாக நீரில் கசிந்தது. நூறு கோடி லிட்டர் நீரில் ஒரு கிராம் என்ற அளவே பெண் நத்தையின் உடலை மாற்றப் போதுமானது. பாதிப்பு முற்றும்போது, புதிதாக வளரும் விந்துக்குழாய் முட்டை வெளியேறும் வாயிலை அடைத்துவிட, வெளிவர இயலாத முட்டைக்கூடுகள் உள்ளேயே குவிந்து சில நத்தைகள் மாண்டும் போகின்றன. மிகச் சிறந்த கருவிகளும் திணறும் அளவிலான ஒரு நச்சை, எளிய உருப்பெருக்கியின் கீழ் காணக்கூடிய உறுப்பு மாற்றமாக நத்தை காட்டிவிடுகிறது என்பதே இம்முறையின் தனிச்சிறப்பு. மாற்றத்தின் படிநிலைகளுக்கு எண் தந்து, ஒரு கரையின் பெண் நத்தைகளுக்குச் சராசரி கண்டால், ஒரு கரையை மற்றொன்றோடும், இந்த ஆண்டை முந்தைய ஆண்டோடும் ஒப்பிட முடிகிறது.

டாக்வெல்க்கின் குஞ்சுகள், பல கடல் நத்தைகளின் இளவுயிரிகளைப் போல நீரில் மிதந்து செல்லாமல், பாறையில் ஒட்டிய முட்டைக்கூட்டிலிருந்து ஊர்ந்தே வெளிவருகின்றன. ஆகவே ஓரிடத்து நத்தை அவ்விடத்தின் கதையையே சொல்கிறது. அழிந்த கரையில் அவ்வினம் மீண்டும் குடியேற நெடுங்காலம் ஆவதும் இதனால்தான்.

ஆயினும் சுட்டுயிரியின் சொல்லை அப்படியே நம்பிவிடலாகாது. இங்கிலாந்தின் கென்ட் கரையில் டம்ப்டன் கேப் என்னுமிடத்தில், ஆணுறுப்பு வளர்ச்சி பிறவியிலேயே குன்றிய நத்தைகள் இருந்தமையால், மாசு இருந்தும் பெண்களில் பல தப்பிப் பிழைத்தன. அவற்றை மட்டும் பார்த்தவர் அந்நீரைத் தூயதென்றே எண்ணியிருப்பார். மேலும், இம்போசெக்ஸ் பெரும்பாலும் வெள்ளீயச் சேர்மங்களையே காட்டுமன்றி, சாக்கடை நீரையோ எண்ணெய்க் கசிவையோ பற்றி எதுவும் சொல்லாது.

பிரான்சின் ஆர்காஷோன் விரிகுடாவில் வளர்ப்புச் சிப்பிகள் டிரைபியூட்டைல்டினால் ஓடு தடித்து நலிந்ததையடுத்து, 25 மீட்டருக்குக் குறைந்த படகுகளில் அது கலந்த பூச்சை அந்நாடு 1982இல் தடை செய்தது. பிரிட்டன் 1987இல் பின்தொடர்ந்தது. பெருங்கப்பல்களையும் தடுக்கும் உலக உடன்படிக்கை 2001இல் ஏற்கப்பட்டு 2008 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. வணிக நலன் எதிரே நிற்கும்போது சான்றுக்கும் சட்டத்திற்கும் இடையே இவ்வளவு தொலைவு விழுகிறது. அதன்பின் பல கரைகளில் இம்போசெக்ஸ் குறைந்து வருகிறது எனினும், துறைமுகச் சேற்றில் படிந்த நச்சு தூர்வாரும்போது மீண்டும் கிளம்பக்கூடும் என்பதால், நத்தைகளைச் சேகரித்து ஓட்டை உடைத்து நோக்கும் பணிக்கு இன்னும் தேவை இருக்கிறது.