அண்மையிலே கிடக்கும் அதிசயங்கள்

(மன்றக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துருவம்)



உலக விந்தைகளைப்பற்றிப் பேசவேண்டும் என்று மன்றத்தார் எம்மைக் கேட்டுக்கொண்டபோது, உங்களிற் பலர் எகிப்து நாட்டுப் பிரமிட்டுக்களையோ, கடலுள் மூழ்கிய கண்டங்களையோ எதிர்பார்த்திருப்பீர்கள். அவற்றைப் பற்றி எழுதிய நூல்கள் பலவுண்டு. நாம் இன்று அவ்வளவு தூரம் போக நினைக்கவில்லை. கண்டி மாநகரிலிருந்து காலையிற் புறப்பட்டு மாலையில் வீடு திரும்பக்கூடிய தூரத்திலும், அதற்குச் சற்று அப்பாலும் கிடக்கும் சில அதிசயங்களையே எடுத்துக் கூற எண்ணுகின்றோம். தூரத்து மலை பச்சையாகத் தோன்றும். காலடியிற் கிடப்பது கண்ணிற் படுவதில்லை. அக்குறையை நாம் நீக்கிக்கொள்ளவேண்டும் என்பதே இவ்வுரையின் நோக்கமாகும்.

முதலாவதாக ஒரு தேரையின் கதையைக் கேளுங்கள். கண்டியின் பெயரையே தன் விஞ்ஞானப் பெயரிற் சுமந்த சிறு தேரையினம் ஒன்று உண்டு. 1872ஆம் ஆண்டில் குந்தர் என்னும் விலங்கியல் அறிஞர் அதற்குக் கண்டியானுசு என்று பெயர் சூட்டினார். 1876ஆம் ஆண்டுக்குப் பின் அதைக் கண்டதாக எவரும் சொல்லவில்லை. ஒரு தலைமுறை போயிற்று. இரண்டு, மூன்று தலைமுறைகளும் போயின. ஈற்றில் 2004ஆம் ஆண்டில், இவ்வினம் உலகத்திலிருந்தே அற்றுப்போயிற்று என்று அறிஞர் பட்டியலில் எழுதிவிட்டார்கள்.

அப்படி எழுதி ஐந்து ஆண்டுகள்தாம் சென்றன. 2009ஆம் ஆண்டில் நமது நாட்டு ஆராய்ச்சியாளர் சிலர் சிவனொளிபாதமலைக் காட்டிலே நீரோடையொன்றை அண்டித் தேடியபோது, அற்றுப்போனதென்று சொல்லப்பட்ட அந்தத் தேரை உயிரோடு இருக்கக் கண்டார்கள். 133 ஆண்டுகள் மனிதர் கண்ணுக்கு அது தென்படவில்லை. அது எங்கோ எவரும் புகாத தீவிலா ஒளித்திருந்தது? ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான யாத்திரிகர்கள் விளக்கொளியிலே ஏறி இறங்குகின்ற மலையின் காடு அது! நம்மிற் பலரும் அம்மலைக்குப் போனவர்களே. "இல்லை" என்று சொல்வதற்குமுன் எவ்வளவு தேடவேண்டும் என்பதை அந்தச் சிறு பிராணி நமக்குக் கற்பித்துவிட்டது. ஆனால் ஒன்றை மறத்தலாகாது. அதனோடு அற்றுப்போனதாகக் குறிக்கப்பட்ட தவளையினங்கள் பல இன்னும் திரும்பி வரவில்லை. காடு குறையுமிடத்து அதிசயமும் குறையும்.

அடுத்து, பேராதனைக்கு வருவோம். அங்குள்ள தாவரவியற் பூங்காவிலே நாம் மலர்களைக் கண்டு மகிழ்ந்து திரும்புகின்றோம். ஆனால் 1869ஆம் ஆண்டில் அங்கே வந்துசேர்ந்த சில இலைகள் நமது மக்களின் தலைவிதியையே மாற்றின என்பதை நினைப்பதில்லை. அப்போது பூங்காவின் தலைவராயிருந்தவர் துவெயிற்சு என்னும் அறிஞர். கோப்பித் தோட்டங்களிலிருந்து அவருக்கு வந்த இலைகளின் அடிப்புறத்திலே செம்மஞ்சள் நிறப் பொடி படிந்திருந்தது. அவர் அவற்றை இங்கிலாந்திலுள்ள பெர்க்கிலி என்பவருக்கு அனுப்பினார். அதுவரை விஞ்ஞானம் அறியாத பூஞ்சணம் அது என்று தெரியவந்தது.

அந்தப் பொடியை எவரும் பெரிதாக மதிக்கவில்லை. விலை ஏறிக்கொண்டிருந்ததனால், மேலும் மேலும் காட்டை வெட்டிக் கோப்பியே நட்டார்கள். 1880ஆம் ஆண்டில் மார்சல் வாட் என்னும் இளம் விஞ்ஞானி இங்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆராய்ந்தார். நுண்ணிய வித்துக்கள் காற்றிலே பரந்து நோயைக் கொண்டுசெல்கின்றன என்றும், மலைமலையாக ஒரே பயிரை நட்டதே அதற்கு வாய்ப்பாயிற்று என்றும் அவர் விளக்கினார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளிற் கோப்பி வாணிகம் வீழ்ந்தது. கண்டிப் பகுதியிலுள்ள லூல்கந்துர தோட்டத்திலே 1867ஆம் ஆண்டில் யேம்சு டெயிலர் 19 ஏக்கரிற் பயிரிட்டிருந்த தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது.

கோப்பிக் காலத்திலே நம்மவர் தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்தார்கள். அறுவடை முடிந்ததும் பலர் ஊர் திரும்பினார்கள். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. ஆகவே வந்தவர்கள் குடும்பமாக இங்கேயே தங்கினார்கள். இலையின் அடிப்புறத்தில் இருந்த ஒரு புள்ளி, இலட்சக்கணக்கான மக்களின் ஊரையும் வாழ்வையும் மாற்றிற்று என்றால், அது வியப்பன்றோ! இந்நோய் ஆபிரிக்காவிலே தோன்றியதென்பர் அறிஞர். கடல் கடந்து அது இலங்கைக்கு எப்படி வந்தது? காற்றோடா, செடியோடா, மனிதர் உடையோடா? அது இன்றும் விடுபடாத புதிராகவே உள்ளது.

மூன்றாவது அதிசயம் ஒரு கறுப்புக் கல். கலாயோகி ஆனந்த குமாரசுவாமியைக் கலை விமர்சகராகவே நாம் அறிவோம். 1877ஆம் ஆண்டில் கொழும்பிற் பிறந்த அப்பெருமகனார் இலண்டனிலே புவியியல் கற்றவர். 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பகுதிக்குத் தலைவராய் இருந்தவர். அவர் பதவியிலிருந்த 1904ஆம் ஆண்டிலே, சபரகமுவவின் இரத்தினக்கல் மணலிற் கிடைத்த கனத்த கரிய படிகங்கள் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளப்பட்டன. இரத்தினம் தேடுவோருக்கு அது வெறுங்கல். ஆய்ந்தபோது, தோரியம் மிகுந்த புதியதோர் கனிப்பொருள் என்று புலனாயிற்று. தோரியனைற்று என்று பெயர் பெற்றது. அக்கல் இலண்டனுக்குச் சென்றது. அங்கே இராம்சே என்பாரின் ஆய்வுகூடத்தில் வேலை பழகவந்த ஓட்டோ கான் என்னும் செர்மானிய இளைஞர், அதிலிருந்து பெற்ற பொருளை ஆராயும்போது, எதிர்பாராத வகையிலே புதியதொரு கதிர்வீச்சுப் பொருளைக் கண்டார். இது நிகழ்ந்தது 1905ஆம் ஆண்டில். பின்னர் அணுவைப் பிளக்கும் ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு பெற்றவர் இவரே. அவரை இத்துறையிலே திருப்பிவிட்டது நமது நாட்டு மணலிற் கிடந்த கல் என்று சொன்னால் மிகையாகாது.

கல்லைத் தேடி மலைநாடெங்கும் திரிந்த குமாரசுவாமி கண்டதோ கல்லை மட்டுமன்று. கண்டிநாட்டுப் பழைய கோயில்களும், சித்திரங்களும், கைவினைகளும் கவனிப்பாரற்று அழிவதைக் கண்டு மனம் வருந்தினார். 1905ஆம் ஆண்டிலே கண்டிப் பிரதானிகளுக்கு ஒரு திறந்த கடிதம் எழுதினார். 1908ஆம் ஆண்டிலே இடைக்காலச் சிங்களக் கலையைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார். ஒரு தமிழ்மகன் சிங்களக் கலையின் பெருமையை உலகறியச் செய்தான் என்பதை நம் இளைஞர்கள் நெஞ்சில் இருத்தவேண்டும்.

நாலாவதாக உடுநுவரைக்கு வாருங்கள். அங்கே இலங்காதிலக விகாரையும் கடலாதெனிய விகாரையும் பாறைகளின் மேலே நிற்கின்றன. இரண்டும் கம்பளையிலிருந்து ஆண்ட நாலாம் புவனேகபாகுவின் காலத்தில், சக ஆண்டு 1266இல், அதாவது கி.பி. 1344இல் எழுந்தவை. கடலாதெனியாவைக் கருங்கல்லிலே சமைத்த தலைமைச் சிற்பியின் பெயர் கணேசுவராச்சாரி எனச் சாசனம் கூறுகின்றது. பெயரே அவர் எங்கிருந்து வந்தவர் என்பதைச் சொல்லவில்லையா? தூண்களையும் வாயிலையும் பார்ப்பவர், தென்னாட்டுக் கோயிலொன்றினுள் நுழைந்தது போலவே உணர்வர்.

இலங்காதிலகத்திலே இன்னும் பெரிய வியப்பு உண்டு. புத்தர் பெருமானின் திருக்கோயிலைச் சுற்றியே தெய்வங்களுக்கும் சந்நிதிகள் உள்ளன; நம் விநாயகப் பெருமானும் அங்கே இடம்பெற்றுள்ளார். பாறையிலே சிங்களத்தில் ஒரு சாசனம். அதனருகே தமிழிலும் ஒரு சாசனம்! இன்றைக்கு ஏறத்தாழ 680 ஆண்டுகளுக்கு முன், மலைநாட்டின் நடுவிலே, பௌத்த விகாரையொன்றின் உரிமைகளைத் தமிழிலும் வெட்டிவைக்க வேண்டிய தேவை ஏன் ஏற்பட்டது? அதைப் படிக்கவேண்டியவர்கள் யார்? வணிகரா, படைவீரரா, கோயில் கட்டிய சிற்பிகளா? பேராசிரியர் பரணவிதான இச்சாசனங்களை ஆராய்ந்து 1960ஆம் ஆண்டில் வெளியிட்டார். எழுத்தை வாசித்தாயிற்று, ஆயினும் அதைச் சூழ்ந்து வாழ்ந்த மக்களின் கதை முழுவதும் இன்னும் வெளிப்படவில்லை. ஒன்று மட்டும் உறுதி. இரு மொழியும் ஒரே பாறையிலே அருகருகே இருக்க அக்காலத்தார் இடம் கொடுத்தார்கள். மழையும் வெயிலும் அவ்விரண்டையும் ஒன்றுபோலவே தொட்டு வந்திருக்கின்றன.

ஐந்தாவதாக, மாத்தளைக்கு வடக்கே நாலந்தை. மாமல்லபுரத்துப் பல்லவர் கோயில்களை நினைவூட்டும் சிறிய கற்கோயில் ஒன்று அங்கே உண்டு. அமைப்போ நம் கோயில் அமைப்பு. பௌத்த வழிபாட்டின் அடையாளங்களும் அங்கே உள. எட்டாம் நூற்றாண்டுக்கும் பத்தாம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்ட காலத்தது என்பர். கட்டினவர் யார், எந்த வழிபாட்டிற்காகக் கட்டினர் என்பவை இன்னும் விவாதத்திற்குரியவை. நீர்த்தேக்கம் ஒன்றினால் அது மூழ்க நேர்ந்தபோது, 1970களிலே கல் கல்லாகப் பிரித்தெடுத்துப் பின்னர் மேட்டிலே மீண்டும் அடுக்கினார்கள். கோப்பிக் காலத்திலே தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்கு நம்மவர் நடந்த பாதை இந்த நாலந்தை வழியே வந்ததுதான். பசியோடும் காய்ச்சலோடும் நடந்த அவர்கள், தம் ஊர்க் கோயிலைப் போன்றதொரு கோயில் அருகே காட்டுக்குள் நிற்பதை அறிந்திருப்பார்களோ? எவரும் அவர்களைக் கேட்டு எழுதிவைக்கவில்லை.

இளைஞர்களே, இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். அதிசயம் என்று சொல்லப்படுவதெல்லாம் அதிசயம் ஆகாது. 1912ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பில்ற்டவுன் என்னுமிடத்திலே ஆதிமனிதனின் மண்டையோடு கிடைத்ததென்று பெரும் ஆரவாரம் எழுந்தது. 1953ஆம் ஆண்டிலேதான், மனித மண்டையோட்டையும் ஒராங்குட்டான் குரங்கின் தாடையையும் சாயம் பூசிச் சேர்த்த மோசடி அது என்று வெளியாயிற்று. நாற்பத்தொரு ஆண்டுகள் பேரறிஞர்களும் ஏமாந்ததற்குக் காரணம் என்ன? முதல் மனிதன் தம் நாட்டிலே தோன்றினான் என்று நம்ப அவர்களுக்கு ஆசையாய் இருந்தது. ஆசை கண்ணை மறைத்தது.

அந்த ஆசை நமக்கு இல்லையென்று சொல்லமுடியுமா? பழைய விமானங்களைப் பற்றியும், பல்லாயிரம் ஆண்டுச் சான்றுகளைப் பற்றியும் இக்காலத்திலே கைத்தொலைபேசியிற் செய்திகள் நாள்தோறும் வருகின்றன. சமயப்பற்று உள்ளவர்களே அவற்றை முதலிற் பரப்புகின்றார்கள். நம் சமயம் பொய்ச் சான்றுகளைத் தூணாகக் கொண்டு நிற்கவில்லை. யார் சொன்னாலும் உண்மையை ஆராய்ந்து காணுமாறு வள்ளுவப் பெருந்தகை பணித்திருக்கின்றார். இலங்காதிலகத்துப் பாறையிலே உண்மையாகவே தமிழ் எழுத்து இருக்கும்போது, இல்லாத கல்வெட்டை நாம் ஏன் கற்பனை செய்யவேண்டும்? பொய்யொன்று வெளிப்பட்டால், அதனோடு கூடிக்கிடக்கும் மெய்யையும் உலகம் ஐயுறும். நட்டம் நமக்கேயாகும்.

ஆகவே மன்றத்தாருக்கு மூன்று வேண்டுகோள்களை விடுக்கின்றோம். ஒன்று: ஆண்டுக்கு ஒருமுறையேனும் உடுநுவரை விகாரைகளுக்கும் நாலந்தைக்கும் இளைஞர்களை அழைத்துச் செல்லுங்கள். கல்லைத் தொடாமல், சுரண்டாமல், சுண்ணாம்பு பூசாமல் பார்க்கப் பழக்குங்கள். இரண்டு: வீட்டிலும் கோயிலிலும் கிடக்கும் பழைய ஏடுகள், துண்டுகள், கடிதங்கள், கணக்குப் புத்தகங்கள் எவற்றையும் குப்பையில் இடவேண்டாம், அறிந்தவரிடம் காட்டுங்கள். கறுப்புக் கல்லின் கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதே முக்கியமானது. இங்கு முன்வரிசையிலே வீற்றிருக்கும் முதியோரைப் பாருங்கள். அவர்களிற் சிலருக்கு, மன்னாரிலிருந்து நடந்து வந்த மூதாதையரைப் பற்றித் தம் பாட்டிமார் சொன்னது இன்னும் நினைவில் இருக்கக்கூடும். எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எவ்வழி நடந்தார்கள், வழியில் யாரைப் புதைத்தார்கள், எந்தத் தெய்வத்தை நேர்ந்தார்கள் என்று கேளுங்கள். சொன்னவர் பெயரோடும் திகதியோடும் அவர் சொன்னபடியே எழுதுங்கள், அழகுபடுத்த வேண்டாம். 133 ஆண்டுகள் மறைந்திருந்த தேரை காட்டிலே மீண்டும் கிடைத்தது. ஒரு முதியவரின் நினைவு மறைந்தால் அதை எந்தக் காட்டிலும் தேடிப் பெறமுடியாது.

இன்றிரவு வீட்டுக்குப் போனதும் ஒவ்வொருவரும் ஒரு கேள்வியாவது கேட்டுத் தொடங்குவீர்கள் என நம்புகின்றோம். அடுத்த ஆண்டு மலரிலே அப்பக்கங்களைப் படிக்க ஆவலாயிருக்கின்றோம்.